முன்பின் தெரியாதவர் கைவழியே

லைட்னிங் நெட்வொர்க் என்றதும் வேகமும் மலிவும்தான் முதலில் பேச்சுக்கு வரும். நியாயம்தான். பிட்காயினின் மூலப் பதிவேட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேர்கிறது. உலகம் முழுவதற்கும் சேர்த்து விநாடிக்கு ஏழு பரிவர்த்தனை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு. நெரிசல் கூடினால் கட்டணம் ஏறும். 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. மூன்று டாலர் காபிக்கு அந்த வழியில் பணம் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அந்தப் பதிவேட்டின் மேல் இரண்டாம் அடுக்காக எழுந்த லைட்னிங்கில் அதே பிட்காயின் பெரும்பாலும் ஓரிரு விநாடியில், சில சதோஷி செலவில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சதோஷி என்பது கணக்கு.

என்னை மயக்கியது வேறொன்று. இந்த வேகத்துக்காக யாரிடமும் நம்பிக்கையை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் ஒரு நிறுவனத்தை உட்கார்த்தி, எல்லோர் பணத்தையும் அதனிடம் ஒப்படைத்து, அது வரவு செலவு எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் வேகம் சுலபமாகக் கிடைத்திருக்கும். லைட்னிங்கை வடித்தவர்கள் அந்தச் சுலபத்தைத் தள்ளிவிட்டார்கள். ஒருவரையொருவர் ஏமாற்றக்கூடிய இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே முன்பின் தெரியாத இடையாட்கள். இவர்களை வைத்தே நாணயமான ஓர் ஏற்பாட்டைச் செய்துகாட்டினார்கள். அதன் மூட்டுகளில் இருக்கும் வேலைப்பாடு நின்று பார்க்கத் தகுந்தது.

ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா இருவரும் இதன் முதல் வரைவை 2015 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். செம்மையான வடிவம் 2016 ஜனவரியில் வந்தது. அதே 2015-இல் சூரிச்சில் கிறிஸ்டியன் டெக்கரும் ரோஜர் வாட்டன்ஹோஃபரும் இதற்கு நெருங்கிய வேறொரு வழியை எழுதினார்கள். பிறகு ரஸ்டி ரஸ்ஸல், ஒலாலுவா ஒசுன்டோகுன் முதலியவர்களும், பாரிஸைச் சேர்ந்த அசின்க் குழுவும் சேர்ந்து பொது விதிகளை எழுத, 2018 தொடக்கத்தில் உண்மையான பணம் ஓடத் தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும். விஷயத்துக்கு வருவோம்.

பூனும் டிரைஜாவும் தங்கள் கட்டுரையில் வைத்த ஆலிஸ், பாப், கேரல், டேவ் என்ற பாத்திரங்களையே நாமும் வைத்துக்கொள்வோம். ஆலிஸுக்கும் பாபுக்கும் அடிக்கடி கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆலிஸ் ஒரு தொகையை இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் திறக்கும் முகவரியில் போட்டுவைக்கிறாள். இதற்குச் சேனல் திறப்பது என்று பெயர். அதற்குப் பிறகு நூறு முறை, ஆயிரம் முறை பணம் கைமாறினாலும் மூலப் பதிவேட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டும் புதிது புதிதாக எழுதிக் கையெழுத்து மாற்றிக்கொள்வார்கள்.

முதல் நயம் இங்கேயே தொடங்குகிறது. ஆலிஸ் பணத்தைப் போட்டதும் பாப் காணாமல் போய்விட்டால்? அவன் கையெழுத்து இல்லாமல் அவளால் ஒரு சதோஷியைக்கூட எடுக்க முடியாது. அதனால் வரிசையைத் தலைகீழாக வைத்தார்கள். பணத்தைத் திருப்பித் தரும் பரிவர்த்தனையில் பாப் முதலில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அது கையில் வந்த பிறகே ஆலிஸ் பணத்தைப் போடும் பரிவர்த்தனையை வெளியிடுவாள். உள்ளே போகும் முன்னரே வெளியே வரும் வழி அவள் கையில் இருக்கிறது.

எழுத இரண்டு வரிதான். ஆனால் பிட்காயின் அன்று இருந்த நிலையில் இதற்கு இடமில்லை. திருப்பித் தரும் பரிவர்த்தனை, போடும் பரிவர்த்தனையை அதன் அடையாள எண்ணால்தான் சுட்ட முடியும். வழியில் யாராவது கையெழுத்தின் வடிவத்தை, அதன் செல்லுபடி கெடாமல், லேசாக மாற்றினால் அந்த எண் மாறிவிடும். கையில் பத்திரமாக வைத்திருந்த திரும்பும் வழி செல்லாக் காகிதமாகிவிடும். கையெழுத்தை அடையாள எண் கணக்கிலிருந்து விலக்கி வைத்த செக்விட் மாற்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று அமலுக்கு வந்தது. பிளாக்கின் அளவு குறித்து அந்த மாற்றத்தைச் சுற்றி நடந்த சண்டைதான் செய்தியானது. ஓசையில்லாமல் இந்த ஆணி அறையப்பட்டதுதான் லைட்னிங்குக்குப் பெரிது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆலிஸும் பாபும் பங்கீட்டை மாற்றிக்கொண்டே போகிறார்கள் என்றோம். நேற்று ஆலிஸுக்கு எண்பது பங்கு, இன்று முப்பது. நேற்றைய தாளும் பாபின் கையெழுத்தோடு அவளிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் மூலப் பதிவேட்டில் சேர்த்துவிட்டால்? பழைய தாளைக் கிழித்துவிட்டேன் என்ற வாய்மொழிக்கு இந்த உலகில் மதிப்பில்லை. நகல் எடுத்திருக்கலாம்.

இதற்கு அவர்கள் கண்ட விடை, இருவருக்கும் ஒரே தாளைக் கொடுக்காதது. ஒரே பங்கீட்டுக்கு இரண்டு வடிவம். ஆலிஸ் கையில் இருக்கும் வடிவத்தை அவள் வெளியிட்டால் பாபின் பங்கு தடையில்லாமல் அவனுக்குப் போகும். அவளுடைய பங்கு மட்டும் ஒரு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, முன்பே பேசிவைத்த காலத்துக்கு, முடங்கிக் கிடக்கும். பாப் கையில் இருப்பதில் அப்படியே எதிர்மறை. தாளை நீட்டுகிறவர் காத்திருக்க வேண்டும், எதிராளி காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காத்திருப்பில்தான் நியாயம் பிழைக்கிறது. பங்கீடு மாறும்போதெல்லாம் பழைய தாளுக்குரிய ஒரு ரகசிய எண்ணை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஆலிஸ் அந்தப் பழைய தாளை வெளியிட்டால், அவள் காத்திருக்கும் அவகாசத்துக்குள் பாப் அந்த எண்ணைக் கொண்டு அவளுடைய பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். ஐம்பது பங்கைத் திருட நினைத்தவர் மொத்தத்தையும் இழப்பார்.

இன்னும் அருகில் போய்ப் பார்த்தால் அந்தத் தண்டனைச் சாவி செய்யப்பட்ட விதம் கண்ணில் படும். ஆலிஸ் வெளியிட்ட ரகசியம் ஒரு பாதி. பாபிடம் நிரந்தரமாக இருக்கும் இன்னொரு ரகசியம் மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் சாவி. தன் பாதியைத் தானே உண்டாக்கிய ஆலிஸாலும் அந்தச் சாவியைச் செய்ய முடியாது. அவள் தன் பாதியைத் தரும்வரை பாபாலும் முடியாது. சாவி பிறக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பழையதை ரத்துசெய்த பிறகு, ஏமாற்றப்பட்டவரின் கை.

ரத்துசெய்யும் வரிசையிலும் ஒரு கவனம் தெரிகிறது. புதிய பங்கீட்டுக்கான கையெழுத்து வந்து சேர்ந்த பிறகே பழையதற்கான ரகசியம் கொடுக்கப்படும். நடுவில் ஒரு நொடி இரண்டு தாளும் செல்லும், அதனால் கெடுதல் இல்லை. எந்தத் தாளும் செல்லாத நொடி என்று ஒன்று வராது. இணைப்பு அந்த நொடியில் அறுந்தாலும் இருவர் பணமும் கரையில் நிற்கும்.

சரி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரகசியம் என்றால் பாப் எத்தனை ரகசியத்தைச் சேர்த்து வைப்பான்? ஒரு சேனலில் இரண்டின் 48-ஆம் அடுக்கு வரை, அதாவது சுமார் 281 லட்சம் கோடி முறை பங்கீட்டை மாற்ற விதியில் இடம் இருக்கிறது. அத்தனையையும் சேமிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ரஸ்டி ரஸ்ஸல் வகுத்த முறையில் இந்த ரகசியங்கள் எல்லாம் ஒரே விதையிலிருந்து கிளைகிளையாகப் பிறக்கின்றன. வெளியிடும் வரிசை மட்டும் நுனியிலிருந்து அடியை நோக்கி வருகிறது. அதனால் பின்னால் வரும் ஒரு ரகசியத்தைக் கொண்டு, அது எந்தக் கிளையின் கணுவோ அந்தக் கிளையில் முன்பே வந்த அத்தனையையும் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம். வந்தவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். இனி வரப்போவதை மட்டும் கணக்கிட முடியாது. எத்தனை லட்சம் கோடி மாற்றம் நடந்தாலும் பாப் கையில் வைத்திருக்க வேண்டியது அதிகம் போனால் 49 ரகசியம். ஒன்றுக்கு 32 பைட் வீதம் மொத்தம் 1,568 பைட். ஒரு தாளின் ஒரு பக்கத்து எழுத்துக்கூட இதைவிட அதிக இடம் பிடிக்கும். வாலட்டைத் திறந்து பணம் அனுப்புகிறவர் கண்ணில் இது ஒருநாளும் படப்போவதில்லை. யாரும் பார்க்காத உட்பக்கத்தையும் இவ்வளவு சுத்தமாக இழைத்திருக்கிறார்களே என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

இதுவரை இரண்டு பேர் கதை. ஆலிஸுக்குச் சேனலே இல்லாத டேவுக்குப் பணம் போக வேண்டும் என்றால்தான் இது நெட்வொர்க் ஆகிறது. ஆலிஸுக்குப் பாபோடு சேனல், பாபுக்குக் கேரலோடு, கேரலுக்கு டேவோடு. நம் நகரத்தார் ஒரு காலத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் உண்டி எழுதிப் பணம் அனுப்பியபோதும் காசு மூட்டை கடல் கடக்கவில்லை, கணக்குதான் கடந்தது. ஆனால் உண்டிக்குப் பின்னால் குலமும் பெயரும் பரம்பரை நாணயமும் நின்றன. பாபுக்கும் கேரலுக்கும் பின்னால் யாரும் இல்லை. அவர்கள் யார் என்று ஆலிஸுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

டேவ் ஒரு ரகசியத்தை உண்டாக்கி, அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஹாஷ் என்ற எண்ணை மட்டும் பணக் கோரிக்கையில் எழுதி ஆலிஸுக்கு அனுப்புகிறான். ஹாஷிலிருந்து ரகசியத்துக்குத் திரும்பும் வழி கிடையாது. ஆலிஸ் பாபிடம் சொல்வது இது: இந்த ஹாஷுக்குரிய ரகசியத்தை 98 பிளாக்குக்குள் காட்டினால் பணம் உன்னுடையது, இல்லையென்றால் எனக்கே திரும்பிவிடும். பாப் கேரலிடம் அதையே சொல்கிறான், ஆனால் கெடு 58 பிளாக். கேரல் டேவிடம் 18. (இந்த எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்கு.) பணத்தின் வாக்குறுதி முன்னோக்கிப் போகிறது, டேவ் ரகசியத்தைக் காட்டியதும் அது கேரல், பாப், ஆலிஸ் என்று பின்னோக்கி வருகிறது. வருகிற வழியில் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து, ஒவ்வொருவருக்கும் சேர வேண்டியது சேர்ந்துவிடுகிறது.

கெடு படிப்படியாக இறங்குவதைக் கவனிக்க வேண்டும். டேவ் கடைசி நிமிடம் வரை இழுத்தடித்து 18-ஆம் பிளாக்கில் ரகசியத்தைக் காட்டினாலும், அதை எடுத்துக்கொண்டு பாபிடம் போகக் கேரலுக்கு இன்னும் 40 பிளாக், சுமார் ஆறே முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கிறது. பாபுக்கும் அதே 40. நடுவில் நிற்பவர் கொடுத்துவிட்டு வாங்க முடியாமல் தவிக்கும் நிலை வரக்கூடாது என்பதற்காக வைத்த படிகள் இவை. தங்களைக் காத்துக்கொள்ள வக்கீலோ காவல்நிலையமோ இல்லாத இடையாட்களுக்குக் காலத்தையே காவலாக வைத்திருக்கிறார்கள்.

கூலிக் கணக்கும் கடைசியிலிருந்து முதலுக்கு வருகிறது. டேவுக்கு 50,000 சதோஷி சேர வேண்டும். எல்என்டி என்ற மென்பொருள் இயல்பாக வைத்திருக்கும் கட்டணம் ஒரு முறைக்கு 1 சதோஷியும், கடத்தும் தொகையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கும். கேரலுக்கு 1.05 சதோஷி. அவள் கூலியையும் சேர்த்துக் கடத்தும் பாபுக்கும் ஏறத்தாழ அதே 1.05. ஆக ஆலிஸ் அனுப்ப வேண்டியது 50,002.1 சதோஷி. ஒரு சதோஷிக்குக் கீழே மூலப் பதிவேட்டில் அலகே கிடையாது. லைட்னிங் அதை ஆயிரமாக உடைத்து மில்லிசதோஷியில் எண்ணுகிறது. சேனலை மூடும்போது மட்டும் முழுச் சதோஷிக்கு இறக்கி எழுதிக்கொள்கிறார்கள்.

பின்னோக்கி வந்த அந்த ரகசியம் கடைசியில் ஆலிஸ் கையில் தங்குகிறதல்லவா, அதுவே பணம் கொடுத்ததற்கான ரசீது. பணம் சேராமல் அவளிடம் அது வந்திருக்கவே முடியாது. இதன் அழகை நேரில் காட்டியவர் லாஸ்லோ ஹான்யெக்ஸ். 2010 மே 22 அன்று 10,000 பிட்காயினுக்கு இரண்டு பீட்சா வாங்கியவர் என்று சொல்லப்படுகிறாரே, அவரேதான். 2018 பிப்ரவரி 25 அன்று மறுபடி இரண்டு பீட்சா வாங்கினார், இந்த முறை லைட்னிங்கில், 0.00649 பிட்காயினுக்கு. பீட்சா கொண்டுவந்த ஆளுக்கு பிட்காயின் தெரிய வேண்டிய அவசியமில்லை. அந்த ரகசியத்தின் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் காட்டினால் பீட்சாவைக் கொடு, இல்லையென்றால் கொடுக்காதே என்பது ஏற்பாடு. பணம் சேர்ந்ததை எட்டு எழுத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி மறைப்பின் நயம். வழியைத் தீர்மானிப்பவள் ஆலிஸ். ஆனால் முழு வழியும் பாபுக்கோ கேரலுக்கோ தெரியக் கூடாது. 2009-இல் ஜார்ஜ் டனேசிஸும் இயன் கோல்ட்பர்க்கும் வகுத்த ஸ்ஃபிங்க்ஸ் என்ற முறையை இங்கே எடுத்துக்கொண்டார்கள். ஆலிஸ் தன் கட்டளைகளை அடுக்கடுக்காக மூடி 1,366 பைட் அளவுள்ள ஒரு பொதியாக அனுப்புகிறாள். பாப் தன் சாவியால் ஓர் அடுக்கை உரிக்கிறான். அடுத்தது கேரல் என்று மட்டும் தெரிகிறது. உரித்தால் பொதி சிறுக்க வேண்டுமே? சிறுப்பதில்லை. எடுத்த அளவுக்குப் பின்னால் பொருளற்ற பைட்டுகளை நிரப்பி, கேரலுக்குப் போவதும் அதே 1,366 பைட். அதனால் தான் வழியில் முதல் ஆளா, பத்தாவது ஆளா, வழி எவ்வளவு நீளம் என்று எவருக்கும் தெரியாது. கெடுவின் எண்ணைப் பார்த்து டேவ்தான் கடைசி ஆள் என்று கேரல் ஊகித்துவிடலாமே என்று கேட்கலாம். அதையும் யோசித்திருக்கிறார்கள். டேவுக்கு அப்பாலும் இன்னும் சிலர் இருப்பதுபோல் கெடுவைச் சற்றுக் கூட்டி அனுப்பும்படி விதிகள் பரிந்துரைக்கின்றன. இல்லாத ஆட்களுக்காகவும் நேரம் ஒதுக்கி, இருக்கிற ஆளை மறைக்கிறார்கள்.

இப்படி இழைத்ததற்கு எதிர்காலம் உண்டா? உண்டு என்று நம்புகிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 2019 ஜனவரியில் ஒரு லட்சம் சதோஷியை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, பெற்றவர் பத்தாயிரம் கூட்டி அடுத்தவருக்கு அனுப்ப, அந்தத் தொடர் நாடு நாடாகச் சுற்றியது; ட்விட்டரின் ஜாக் டோர்சியும் ஒரு கை பிடித்தார். அன்றைய விதி ஒரே தடவையில் அனுமதித்த உச்சமான சுமார் 42.9 லட்சம் சதோஷியை எட்டும்வரை ஓடி, வெனிசுவேலாவுக்கான நன்கொடையாக முடிந்தது. எல் சால்வடோரில் எல் சோன்டே கடற்கரைக் கடைகளில் தொடங்கியது நாட்டின் சட்டமாகவே ஆனது. 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயின் அங்கே செல்லுபடிப் பணம் ஆனது. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, வாங்கிக்கொள்வதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். சட்டத்தால் பழக்கத்தை உண்டாக்க முடியாது என்று இதைப் படிக்கிறேன். கருவியின் குறையாக நான் படிக்கவில்லை.

கருவிக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். புதிதாகச் சேனல் திறந்த கடைக்காரரால் பணம் அனுப்ப முடியும், வாங்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் யாராவது பணம் போட்டு வைத்திருந்தால்தான் அது அவர் பக்கம் நகரும். வாங்குகிறவர் இணைப்பில் இருந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சேனலையும் திறக்க மூலப் பதிவேட்டில் ஒரு பரிவர்த்தனை வேண்டும். விநாடிக்கு ஏழு என்றால் ஆண்டுக்குச் சுமார் 22 கோடி. 800 கோடிப் பேருக்கு ஆளுக்கு ஒரு சேனல் திறக்கவே 36 ஆண்டு ஆகும், பதிவேடு வேறு எந்த வேலையும் செய்யாமல் இருந்தால். அதனால்தான் இன்று பலர் பிறரிடம் பணத்தை ஒப்படைக்கும் வாலட்டுகளையே பயன்படுத்துகிறார்கள். மேலே சொன்ன வேலைப்பாடு அத்தனையும் அவர்களுக்குப் பின்னால் எங்கோ நடக்கிறது. அவர்கள் மட்டும் பழையபடி ஒரு நிறுவனத்தை நம்பி நிற்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

நான் புகழ்ந்த அந்தத் தண்டனையிலும் ஒரு கொடுமை இருக்கிறது. கணினி பழுதாகி, பழைய காப்புநகலிலிருந்து மீட்டெடுத்த ஒருவர், தெரியாமல் பழைய பங்கீட்டை வெளியிட்டுவிட்டால் அவருக்கும் திருடனுக்கு உரிய கதிதான். எந்திரத்துக்கு எண்ணம் தெரியாது. டெக்கரும் ரஸ்ஸலும் ஒசுன்டோகுனும் 2018-இல் எழுதிய எல்டூ என்ற முறை இதைத் தீர்க்கிறது. அதில் யாருக்கும் தண்டனை இல்லை. பழைய தாளை யார் வெளியிட்டாலும், பிந்திய தாள் அதன் மேல் வந்து அமர்ந்துகொள்ளும். கடைசிப் பங்கீடு எதுவோ அதுவே நிற்கும். 281 லட்சம் கோடி ரகசியத்தை 49-க்குள் அடக்கிய அந்தத் திறமையே அங்கே தேவைப்படாது. வைத்திருக்க வேண்டியது கடைசித் தாள் ஒன்றுதான். தண்டித்து நேர்மையைக் காப்பதைவிடத் தவற்றைத் திருத்தி நேர்மையைக் காப்பது எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஆனால் ஒரு கையெழுத்து எந்த முந்திய தாளோடும் பொருந்தும்படி இருக்க வேண்டும். அதற்கு மூலப் பதிவேட்டின் விதியிலேயே ஒரு மாற்றம் வேண்டும். பிட்காயின் முன்மொழிவுகளில் 118 என்ற எண்ணோடு அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. செக்விட்டுக்கு நடந்த சண்டையை மறக்காத சமூகம் அது, இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.